‘அட் தி ஷாப்’ போதாதா, ‘டவுன்’ எதற்கு?

கேள்வி இதுதான்: ஆங்கிலப் படங்களிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் போன் பேச்சிலும் ‘ஹி இஸ் டவுன் அட் தி ஷாப்’, ‘இட்ஸ் ஓவர் பை தி விண்டோ’, ‘ரைட் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி பேங்க்’ என்று இரண்டு மூன்று குட்டிச் சொற்கள் அடுக்கிக்கொண்டு வருகின்றன. பள்ளிக்கூடத்தில் ‘அட்’, ‘பை’, ‘இன்’ என்று ஒற்றைச் சொல்லாகத்தானே படித்தோம்? முன்னால் வந்து உட்காரும் சொல் என்ன செய்கிறது, எதை எங்கே போடுவது?

முதலில் பயத்தை எடுத்துவிடலாம். இதே வேலையை நாம் தமிழில் நாள் முழுக்கச் செய்கிறோம். ‘அம்மா எங்கே?’ என்றால் ‘உள்ளே அடுப்படியில இருக்காங்க’. ‘துணி?’ ‘மேலே மாடியில காயுது.’ ‘வண்டி?’ ‘வெளியே வாசல்ல நிக்குது.’ அடுப்படி வீட்டுக்குள்தான் இருக்கும், மாடி மேலேதான் இருக்கும். ஆனாலும் ‘உள்ளே’, ‘மேலே’ என்று சொல்லாமல் நமக்கு வாய் வராது. அடுப்படி என்பது இடம். ‘உள்ளே’ என்பது நிற்கிற இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்கிற சைகை. முதலில் சைகை, பிறகு இடம். ஆங்கிலத்திலும் அதே வரிசைதான்: ‘அப் ஆன் தி டெரஸ்’, ‘அவுட் ஆன் தி ஸ்ட்ரீட்’, ‘டவுன் அட் தி ஷாப்’. முன்னால் நிற்பது அட்வெர்ப், அதாவது வினையடை. பின்னால் வருவது ப்ரெபொசிஷனும் அதன் பெயர்ச்சொல்லும் சேர்ந்த தொடர். நம் ‘-இல்’ பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடைய ‘ஆன்’, ‘அட்’ முன்னால் ஒட்டுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே ‘டவுன்’ எதற்கு என்று கேட்டால், ‘கீழே கடைக்குப் போயிருக்கார்’ என்பதில் ‘கீழே’ எதற்கோ அதற்குத்தான்.

முன்னால் வரும் சொல் மூன்றில் ஒரு வேலையைச் செய்யும். பேசுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து திசை காட்டும். அல்லது ‘அங்கேயேதான், இம்மி பிசகாமல்’ என்று ஆணி அடிக்கும். அல்லது எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அளக்கும். தடுக்கி விழுகிற இடங்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

திசைச் சொற்களில் ‘அப்’, ‘டவுன்’ இரண்டும்தான் அதிகம் குழப்பும், ஏனென்றால் அவை எப்போதும் உயரத்தைச் சொல்வதில்லை. கோவையிலிருந்து பேசுகிறவர் ‘அப் இன் ஊட்டி’ என்றால் அது மலை. சென்னையிலிருந்து ‘அப் இன் டெல்லி’ என்றால் அது வரைபடத்தில் வடக்கு. ‘டவுன் இன் கன்னியாகுமரி’ என்றால் தெற்கு. பிரிட்டனில் மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு: மதிப்பு. அங்கே ரயில் பாதையில் லண்டனை நோக்கிப் போவது ‘அப்’ லைன். ஸ்காட்லாந்திலிருந்து வரைபடத்தில் கீழ்நோக்கி வருகிற ரயிலும் லண்டன் வருவதால் ‘அப்’ ரயில்தான். ஆனால் அதே ரயிலில் உட்கார்ந்திருக்கும் எடின்பரோக்காரர் தன் வாயால் ‘டவுன் டு லண்டன்’ என்பார், அவருக்கு வரைபடம்தான் கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படிக்கச் சேர்வது ‘கோயிங் அப்’. அங்கிருந்து ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கினால் ‘சென்ட் டவுன்’. அமெரிக்காவில் ‘அவுட் வெஸ்ட்’, ‘பேக் ஈஸ்ட்’ என்பார்கள். கிழக்குக் கரையில் குடியேறி மேற்கே பரவியவர்கள் என்பதால் மேற்கு ‘வெளியே’, கிழக்கு ‘திரும்பிப் போகிற’ திசை. ஒருவர் மேற்கிலேயே பிறந்து கிழக்கைப் பார்க்காதவராக இருந்தாலும் சொல் அப்படியே நின்றுவிட்டது.

‘ஓவர்’ என்பதில் நடுவே ஒரு இடைவெளியைத் தாண்டுகிற உணர்வு இருக்கிறது. அறையின் மறுபக்கம், தெருவின் எதிர்ச்சாரி, கடலுக்கு அப்பால். ‘ஓவர் பை தி விண்டோ’ என்றால் ‘அதோ அந்த ஜன்னலோரம்’. ராமேஸ்வரத்தில் நின்றுகொண்டு யாழ்ப்பாணத்தைச் சொன்னால் ‘ஓவர் இன் ஜாஃப்னா’ இயல்பாக வரும், நடுவில் கடல் இருக்கிறதே. ‘அவுட்’ என்பதில் மூடிய இடத்தை விட்டு, அல்லது ஊரை விட்டு வெளியே என்கிற உணர்வு: ‘அவுட் இன் தி கார்டன்’, ‘அவுட் அட் தி ஏர்போர்ட்’, ‘அவுட் இன் தி ஃபீல்ட்ஸ்’. ‘பேக்’ என்றால் முன்பு இருந்த இடம்: ‘பேக் அட் தி ஆபீஸ்’ என்று சொல்பவர் ஆபீஸிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும், அல்லது இப்போது அங்கே திரும்பியிருக்க வேண்டும். காலத்துக்கும் இதே சொல் ஓடும்: ‘பேக் இன் 1996’ என்றால் ‘அந்தக் காலத்துல, 96-ல’. வருங்காலத்துக்கு இதைப் போடவே முடியாது. நேற்று, போன வாரம் போன்ற கிட்டத்துச் செய்திக்கும் பொருந்தாது, கொஞ்சம் தூசி படிந்திருக்க வேண்டும். ‘ரவுண்ட் அட் மை மதர்ஸ்’, அதாவது ‘அம்மா வீட்டுல’, பிரிட்டிஷ் வாய்மொழி. எடின்பரோவில் கிளாஸ்கோவைப் பற்றிப் பேசும்போது ‘த்ரூ இன் கிளாஸ்கோ’ என்பார்கள். இதெல்லாம் உள்ளூர்க்காரர்களின் மனதில் இருக்கும் வரைபடம், இலக்கணத்தில் தேடினால் கிடைக்காது.

அதனால் திசைச் சொல்லை மாற்றிப் போட்டால் வாக்கியம் இலக்கணப்படி உடையாது. ஆனால் கேட்கிறவருக்கு இடம் தப்பாகத் தெரியும். சென்னையில் இருப்பவர் ‘டவுன் இன் டெல்லி’ என்றால், ‘கீழே டெல்லியில’ என்று தமிழில் சொன்னால் எப்படி உறுத்துமோ அப்படி உறுத்தும். எந்தத் திசை என்று சந்தேகம் வந்தால் ‘ஓவர்’ போடுங்கள். ‘ஓவர் அட்’, ‘ஓவர் இன்’ இரண்டும் கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் பொருந்தும். இல்லையென்றால் எதையும் போடாமல் ‘அட்’ மட்டும் சொல்லிவிடுங்கள், ஒரு குறையும் வராது. வேலை விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் இந்தத் திசைச் சொற்களை எடுத்துவிடுவதே நல்லது. ‘ஐ ஒர்க் ஓவர் அட்’ என்று எழுதினால் டீக்கடையில் நின்று பேசுகிற தொனி வந்துவிடும்.

இரண்டாவது வகை ஆணி அடிக்கிற சொற்கள். இவற்றில் ராஜா ‘ரைட்’. ‘ரைட் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி பேங்க்’ என்றால் ‘பேங்குக்கு நேர் முன்னாடியே’. ‘ரைட் ஹியர்’ என்றால் ‘இங்கேயேதான்’. ‘ரைட் அட் தி டாப்’ என்றால் ‘உச்சியிலேயே’. நம் மொழியில் ‘-ஏ’, ‘தான்’, ‘நேர்’ செய்கிற வேலையை இது ஒற்றையாகச் செய்கிறது.

இங்கேதான் தமிழர் ஆங்கிலத்தின் மிகப் பெரிய அடையாளம் முளைக்கிறது: பின்னால் வருகிற ‘ஒன்லி’. ‘அவர் ஆபீஸ்லதான் இருக்கார்’ என்பதை ‘ஹி இஸ் இன் தி ஆபீஸ் ஒன்லி’ என்கிறோம். தமிழில் ‘தான்’ பெயருக்குப் பின்னால் ஒட்டுவதால் ‘ஒன்லி’யும் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்காரர் அதை ‘ஆபீஸில் மட்டும் இருக்கிறார், வேறெங்கும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, ஒருவர் ஒரே நேரத்தில் வேறெங்கே இருக்க முடியும் என்று விழிப்பார். நம் ஒரு ‘தான்’ அங்கே நான்காகப் பிரிகிறது. இடத்தைக் குத்திக் காட்டினால் ‘ரைட்’: ‘இங்கேதான் வெச்சேன்’ என்பது ‘ஐ புட் இட் ரைட் ஹியர்’. நேரத்தைக் குத்தினால் ‘எக்ஸாக்ட்லி’: ‘எட்டு மணிக்குத்தான் ஆரம்பம்’ என்பதில் துல்லியம் முக்கியம் என்றால் ‘அட் எக்ஸாக்ட்லி எய்ட்’. ‘இவ்வளவு தாமதமாகத்தான்’ என்ற பொருள் இருந்தால் அப்போதுதான் ‘ஒன்லி’, அதுவும் வினைக்கு முன்னால்: ‘நேத்துதான் வந்தேன்’ என்பது ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’. நான்காவது, எந்தச் சொல்லுமே வராது, குரல் மட்டும் உயரும்: ‘அவர் ஆபீஸ்லதான் இருக்கார்’ என்பதற்கு ‘ஹி இஸ் இன் தி ஆபீஸ்’ என்று சொல்லி ‘ஆபீஸ்’ மேல் அழுத்தம் கொடுத்தால் போதும். எழுத்தில் அந்த அழுத்தம் தெரியாதே என்றால், பெரும்பாலும் அது தேவைப்படுவதும் இல்லை.

‘மெய்ன்லி’, ‘ஈவன்’, ‘எஸ்பெஷலி’, ‘பார்ட்லி’ எல்லாம் ப்ரெபொசிஷனுக்கு முன்னால்தான் உட்காரும்: ‘மெய்ன்லி இன் தி ஈவ்னிங்ஸ்’, ‘ஈவன் அட் நைட்’, ‘பார்ட்லி பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்’. நம் ‘ராத்திரியில-கூட’, ‘மழையினால-தான்’ என்கிற வால், அங்கே தலையாக மாறுகிறது என்று நினைவு வைத்தால் போதும்.

‘ரைட்’டும் ‘ஜஸ்ட்’டும் அண்ணன் தம்பி மாதிரித் தோன்றினாலும் குணம் வேறு. ‘ரைட் ஆஃப்டர் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு. ‘ஜஸ்ட் ஆஃப்டர் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டுச் சற்று நேரத்தில். ‘ரைட் பிலோ தி ஃபேன்’ என்றால் மின்விசிறிக்கு நேர் கீழே, எட்டடி கீழே இருந்தாலும் சரி. ‘ஜஸ்ட் பிலோ தி ஃபேன்’ என்றால் மின்விசிறிக்குக் கொஞ்சமே கீழே. ஒன்று கோட்டை நேராக்குகிறது, மற்றது தூரத்தைச் சுருக்குகிறது. கட்டட வேலையில் ‘ஜஸ்ட் பிலோ தி பீம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ரைட் பிலோ’ என்று எழுதினால், எலக்ட்ரீஷியன் பீமின் நேர்கோட்டில் இடுப்புயரத்தில்கூட ஸ்விட்ச் போர்டை வைத்துவிட்டு, சொன்னபடிதான் செய்தேன் என்று நியாயம் பேசலாம்.

‘ஸ்ட்ரெயிட்’ ஓடுகிற பொருளுக்கோ ஓடுகிற பார்வைக்கோதான் ஒட்டும். ‘ஸ்ட்ரெயிட் இன்டூ தி வால்’, ‘ஸ்ட்ரெயிட் த்ரூ தி மார்க்கெட்’ சரி. ‘தி புக் இஸ் ஸ்ட்ரெயிட் ஆன் தி டேபிள்’ தப்பு, புத்தகம் எங்கும் ஓடவில்லை. பிரிட்டனில் ‘ஸ்ட்ரெயிட் ஆஃப்டர் ஸ்கூல்’ என்பதை ‘பள்ளி விட்டதும் நேரா’ என்று காலத்துக்கும் சொல்வார்கள். இன்னும் காரம் வேண்டும் என்றால் ‘பேங் இன் தி மிடில்’, ‘ஸ்மேக் இன் தி மிடில்’ உண்டு, நம் ‘நட்ட நடு’ மாதிரி. ‘நட்ட நடு ரோட்டுல’ என்பதற்கு இதைவிட நெருங்கிய ஆங்கிலம் இல்லை. எழுத்தில் வேண்டாம்.

‘ரைட்’டில் இன்னொரு பள்ளம், வலப்பக்கம். ‘டர்ன் ரைட் இன்டூ தி லேன்’ என்றால் வலது திரும்பிச் சந்துக்குள் போ. ‘டிரைவ் ரைட் இன்டூ தி லேன்’ என்றால் சந்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போ. திரும்புவதைச் சொல்லும் வினை இருந்தால் அது திசை, இல்லையென்றால் ஆணி. போனில் வழி சொல்லும்போது வலப்பக்கத்தைச் சொல்ல ‘ஆன் யுவர் ரைட்’ என்று முழுதாகச் சொல்வது பாதுகாப்பு.

இந்த ‘ரைட்’டுக்குப் பழைய வாழ்க்கை ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் இது ‘மிக’ என்ற பொருளில் பண்புச் சொற்களுக்கு முன்னால் தாராளமாக வந்தது. அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சிலும் வட இங்கிலாந்துப் பேச்சிலும் இன்றும் அப்படி வரும். மற்ற இடங்களில் பெரும்பாலும் பட்டங்களில்தான் உறைந்து நிற்கிறது. 1921-ல் பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் உறுப்பினரான அரசியல் தலைவர் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியை ‘ரைட் ஆனரபிள்’ என்று ஆங்கிலத்திலும் ‘மகாகனம்’ என்று தமிழிலும் எழுதினார்கள். அந்த ‘ரைட்’டுக்கு வலதும் இல்லை, சரியும் இல்லை, வெறும் ‘மகா’தான். மொழிபெயர்த்தவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாவது அளவுச் சொற்கள். இவற்றுக்கு ஒரு திட்டமான விதி உண்டு, அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதில்லை. தனக்குள் தூரமோ இடைவெளியோ வைத்திருக்கிற ப்ரெபொசிஷனைத்தான் அளக்க முடியும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அபவ்’, ‘பிலோ’, ‘பிஹைண்ட்’, ‘பியாண்ட்’, ‘ஃப்ரம்’, ‘பாஸ்ட்’ இவற்றில் இடைவெளி இருக்கிறது. ‘டூ ஃபீட் அபவ் தி டோர்’, ‘டென் மினிட்ஸ் பிஃபோர் தி ட்ரெய்ன்’. ‘அட்’, ‘ஆன்’ இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பதைச் சொல்பவை. தொட்டுக்கொண்டிருப்பதில் அளக்க ஏது இடம்? அதனால் ‘டூ ஃபீட் ஆன் தி டோர்’ என்று வராது. ஆணிச் சொற்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ‘ரைட் ஆன்’, ‘ரைட் அட்’ எல்லாம் தாராளம். ‘இன்’ மட்டும் நடுவாந்தரம்: ஆழம் உள்ள இடம் என்றால் ‘டீப் இன் தி ஃபாரஸ்ட்’ என்று இறங்கலாம்.

அளவு எண்ணாக இல்லாதபோது எந்தச் சொல் எதோடு போகும் என்பது பழக்கம். ‘வெல்’ பெரும்பாலானவற்றோடு பொருந்தும்: ‘வெல் பிஃபோர்’, ‘வெல் ஆஃப்டர்’, ‘வெல் அபவ்’, ‘வெல் வித்தின் தி லிமிட்’, ‘வெல் இன்டூ தி நைட்’. ‘லாங்’ காலத்துக்கு மட்டும்: ‘லாங் பிஃபோர்’. ‘ஃபார்’ இடத்துக்கு: ‘ஃபார் அபவ்’, ‘ஃபார் பியாண்ட்’. ‘ஷார்ட்லி’ முன்னும் பின்னும் வரும். ‘சூன்’ பின்னுக்கு மட்டும்: ‘சூன் ஆஃப்டர்’ உண்டு, ‘சூன் பிஃபோர்’ கிடையாது. ‘மச் பிஃபோர்’ நம் ஊர்ப் பத்திரிகைகளில் சகஜம். மற்றவர்கள் அந்த இடத்தில் ‘லாங் பிஃபோர்’ அல்லது ‘வெல் பிஃபோர்’ என்பார்கள், ‘மச்’ அவர்களிடம் மறுப்பில்தான் இயல்பு: ‘நாட் மச் பிஃபோர் எய்ட்’.

எட்டு மணிக் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் உறைக்கும். எட்டு அடிக்கும்போதே வந்தவர் ‘ரைட் அட் எய்ட்’. எட்டு மூன்றுக்கு வந்தவர் ‘ஜஸ்ட் ஆஃப்டர் எய்ட்’. கூட்டக் குறிப்பில் எழுதினால் அவரே ‘ஷார்ட்லி ஆஃப்டர் எய்ட்’. எட்டே முக்காலுக்கு வந்தவர் ‘வெல் ஆஃப்டர் எய்ட்’, மேலாளர் கோபத்தில் இருந்தால் ‘வே ஆஃப்டர் எய்ட்’. ‘ஆன் டைம்’ என்பது குறித்த நேரத்துக்கு, அதற்கு ‘ரைட்’ பொருந்தும்: ‘ரைட் ஆன் டைம்’. ‘இன் டைம்’ என்பது காரியம் கெடுவதற்குள், அதற்கு ‘ஜஸ்ட்’: ‘ஜஸ்ட் இன் டைம்’, நூலிழையில் தப்பியது. இரண்டையும் மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் காதில் நெருடும்.

‘வெரி’ இந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. ‘வெரி பிஃபோர்’, ‘வெரி இன் ஃப்ரன்ட் ஆஃப்’, ‘வெரி அபவ்’ எதுவும் ஆங்கிலம் இல்லை. ‘ரொம்ப முன்னாடி’, ‘ரொம்ப மேல’ என்று தமிழில் ‘ரொம்ப’ எல்லா வீட்டுக்கும் போய்வருவதால் வருகிற பிழை இது. விதிவிலக்கு இரண்டு. ‘நியர்’ பாதி பண்புச்சொல் என்பதால் ‘வெரி நியர் தி டெம்பிள்’ சரி. இடத்தைச் சொல்லாமல் ஒருவரின் நிலையைச் சொல்லும் தொடருக்கு ‘வெரி மச்’ வரும்: ‘வெரி மச் இன் லவ்’, ‘வெரி மச் அகெய்ன்ஸ்ட் இட்’.

இப்படிப்பட்ட சொற்கள் பல ஒரே வாக்கியத்தில் வந்தால் வரிசை உண்டா? உண்டு. சமையலறையில் ஊறுகாய் ஜாடியை எடுத்தவரிடம் ஒருவர் சொல்கிறார்: ‘புட் இட் ரைட் பேக் அப் தேர் ஆன் தி டாப் ஷெல்ஃப்.’ வினைக்குப் பிறகு இருப்பதை இடமிருந்து ஒவ்வொன்றாக உரியுங்கள். ‘ரைட்’ போனால் ‘பேக் அப் தேர் ஆன் தி டாப் ஷெல்ஃப்’, சரியாக நிற்கிறது. ‘பேக்’ போனால் ‘அப் தேர் ஆன் தி டாப் ஷெல்ஃப்’, நிற்கிறது. ‘அப்’ போனால் ‘தேர் ஆன் தி டாப் ஷெல்ஃப்’, நிற்கிறது. ‘தேர்’ போனாலும் ‘ஆன் தி டாப் ஷெல்ஃப்’ தனியாக நிற்கிறது. வெங்காயம் மாதிரி, ஒவ்வொரு தோலும் தனக்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. ஆணி, திரும்புதல், திசை, சுட்டு, இடம் என்பதுதான் வரிசை. ‘அப் ரைட் பேக்’ என்று கலைத்தால் சரிந்துவிடும். நீங்கள் எழுதிய வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் இதே சோதனையைச் செய்யுங்கள்: இடப்பக்கச் சொல்லை எடுத்த பின்னும் மிச்சம் நிற்கவில்லையென்றால் வரிசை தப்பு. தமிழில் இதையே ‘பழையபடி மேல் தட்டுலயே வை’ என்று முடித்துவிடுகிறோம், ‘ரைட்’ மட்டும் ‘-ஏ’யாகிக் கடைசிக்கு ஓடிவிட்டது.

இந்த ‘அப்’, ‘பேக்’ எல்லாம் அட்வெர்ப்தானா என்று இலக்கணக்காரர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-ல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இவற்றைப் பெயர்ச்சொல் இல்லாமல் தனியாக நிற்கிற ப்ரெபொசிஷன்கள் என்கிறது. ‘கம் ரைட் இன்’ என்று ‘ரைட்’ போட முடிகிறது, ‘ரைட் குவிக்லி’ என்று பொதுவான ஆங்கிலத்தில் போட முடியவில்லை என்பது அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று. அகராதிகள் பெரும்பாலும் அட்வெர்ப் என்றே போடுகின்றன. பேசுகிறவருக்கு இதனால் ஒன்றும் மாறாது.

மாறுகிற இடம் வேறொன்று: ஒட்டி எழுதுவதா, பிரித்து எழுதுவதா. ‘இன்டூ’ ஒரே சொல், உள்ளே நுழைவதற்கு. ‘இன்’ வினையோடு சேர்ந்த அட்வெர்ப்பாக இருந்து, ‘டு’ தனியாக வந்தால் இரண்டு சொல்: ‘லாக் இன் டு’, ‘ஹேண்ட் இட் இன் டு தி ஆபீஸ்’, ‘ஹி வென்ட் இன் டு பே தி பில்’. ‘ஹி டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன் டு தி போலீஸ்’ என்று பிரித்தால் போலீஸில் சரணடைந்தார். சேர்த்து எழுதினால் மந்திரம் போட்டுத் தானே போலீஸாக மாறிவிட்டார். சோதனை எளிது: ‘இன்’னோடு நிறுத்தினாலும் வினை முழுமையாக இருந்தால் பிரியுங்கள். ‘ஹோல்ட் ஆன் டு’, ‘மூவ் ஆன் டு’ இரண்டுக்கும் இதே கணக்கு.

அட்வெர்ப்பும் ப்ரெபொசிஷனும் வினையோடு கல்யாணமே செய்துகொண்ட கூட்டங்களும் உண்டு: ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது, ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது, ‘கெட் அவே வித்’ என்றால் தப்பு செய்தும் மாட்டாமல் இருப்பது. இவற்றை உரித்துப் பார்க்க முடியாது, முழுதாகவே மனதில் ஏற்ற வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் உரித்துப் பார்ப்பது கட்டாயம்: ‘லுக் ஃபார்வர்ட் டு’. இங்கே ‘ஃபார்வர்ட்’ அட்வெர்ப், ‘டு’ ப்ரெபொசிஷன். ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் பெயர் வரும், அல்லது பெயராகிவிட்ட ‘-இங்’ வரும். அதனால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’. நம் ஊர் மின்னஞ்சல்களில் பாதி ‘டு மீட் யூ’ என்று முடிகின்றன. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள்: ‘டு தி மீட்டிங்’ பொருந்துகிறது, ஆக இது ப்ரெபொசிஷன் ‘டு’, ‘-இங்’ கேட்கும்.

‘கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்’ஸும் இந்தக் குடும்பம்தான். ‘இறங்கு’ என்ற வினைக்குள்ளேயே கீழ்நோக்கிய அசைவு இருப்பதால் நமக்கு ‘டவுன்’ தானாக வருகிறது. மரத்திலிருந்தும் ஏணியிலிருந்தும் இறங்க ‘கெட் டவுன் ஃப்ரம்’ மிகச் சரி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ‘கெட் ஆஃப்’, ‘லைட் ஆஃப் பண்ணு’ என்பதில் வருகிற அதே ‘ஆஃப்’. காருக்கு ‘கெட் அவுட் ஆஃப்’.

தனக்குள்ளேயே ப்ரெபொசிஷனை விழுங்கிவிட்ட சொற்கள் சில: ‘ஹோம்’, ‘அப்ஸ்டெர்ஸ்’, ‘அப்ராட்’, ‘ஹியர்’, ‘தேர்’. இவற்றுக்கு ‘டு’ வேண்டாம்: ‘ஸ்ட்ரெயிட் ஹோம்’, ‘பேக் ஹோம்’, ‘ரைட் அப்ஸ்டெர்ஸ்’. யாருடைய வீடு என்று சொன்னால் மட்டும் ‘டு’ திரும்பி வரும்: ‘பேக் டு மை சிஸ்டர்ஸ் ஹோம்’. ‘நியர்பை’ பெயர்ச்சொல்லை ஏற்காது; ‘நியர்பை மை ஹவுஸ்’ தப்பு, ‘நியர் மை ஹவுஸ்’ சரி. ‘எதிரில்’ என்பதற்கு ‘ஆப்போசிட் டு தி பேங்க்’ வேண்டாம், ‘ரைட் ஆப்போசிட் தி பேங்க்’ போதும். ‘ரிட்டர்ன்’ என்பதிலேயே ‘பேக்’ இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது ‘நடு சென்டர்’.

டெலிவரிக்காரருக்கு வழி சொல்கிற வாக்கியம் ஒன்றில் எல்லாவற்றையும் பார்க்கலாம். தமிழில்: ‘பேங்குல இருந்து ரெண்டு கடை தள்ளி, மெடிக்கல் ஷாப்புக்கு நேர் எதிரே, மாடியில.’ ஆங்கிலத்தில்: ‘டூ டோர்ஸ் டவுன் ஃப்ரம் தி பேங்க், ரைட் ஆப்போசிட் தி ஃபார்மஸி, அப் ஆன் தி ஃபர்ஸ்ட் ஃப்ளோர்.’ முதல் துண்டில் அளவு, திசை, ப்ரெபொசிஷன். இரண்டாவதில் ஆணி. மூன்றாவதில் திசையும் இடமும். ‘ரெண்டு கடை தள்ளி’ என்பதை ‘ஆஃப்டர் டூ ஷாப்ஸ்’ என்று சொல்கிறவர்கள் அதிகம். அதைக் கேட்பவர் இரண்டு கடையைத் தாண்டி மூன்றாவதில் நிற்பார். ‘டூ டோர்ஸ் டவுன்’ என்றால் பேங்குக்கு அடுத்ததற்கு அடுத்தது, இரண்டாவது வாசல். அப்புறம், அமெரிக்கராக இருந்தால் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ அவருக்குத் தரைத்தளம். அந்தச் சண்டையில் ப்ரெபொசிஷனுக்குப் பங்கில்லை.

பேசும்போதும் கேட்கும்போதும் ஒரு விஷயம். அழுத்தம் அட்வெர்ப் மேலும் பெயர் மேலும் விழும், நடுவில் உள்ள ப்ரெபொசிஷன் நசுங்கிப்போகும். ‘டவுன் அட் தி ஸ்டேஷன்’ காதில் ‘டவுனட்த ஸ்டேஷன்’ என்றுதான் விழும். ‘அவுட் ஆஃப்’ என்பது ‘அவுட்ட’. ‘அப் இன் தி’ என்பது ‘அப்பின்த’. நாம் நான்கு சொல்லையும் ஒரே கனத்தில், ரயில் பெட்டி மாதிரி இடைவெளி விட்டுச் சொல்கிறோம், அவர்களும் அப்படியே சொல்வார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது சொல் கடந்து போய்விடுகிறது. சப்டைட்டிலை மூடிவிட்டு ஒரு காட்சியைப் போட்டு, ‘டவுன்’, ‘அவுட்’, ‘பேக்’ என்ற உரத்த சொற்களையும் கடைசிப் பெயரையும் மட்டும் பிடியுங்கள். நடுவில் இருந்தது ‘அட்’டா, ‘இன்’னா, ‘ஆன்’னா என்பதை அந்தப் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும்.